உறையின் பின்பக்கத்துப் பெயர்

அண்ணை, உப்புப் போடாமல் காயவைத்த மீனை நான் இந்த வயதில்தான் முதல்முறை கண்டேன். ஊர்காவற்றுறையில் பிறந்து, அப்பாவின் வலையில் வந்ததையெல்லாம் கீறி உப்பிட்டு வளர்ந்தவள் நான். உப்பில்லாமல் மீன் எப்படிப் பழுதாகாமல் இருக்கும் என்று கேட்டதற்கு, கொண்டுவந்தவள், "குளிர் காத்தில கட்டித் தூக்கிவிட்டால் தானாக் காயும்" என்றாள். நான் நம்பவில்லை. விறகுத் துண்டுபோல இருந்ததைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் குசினி மூலையில் வைத்தேன். ஒரு கிழமையாகியும் புழு வைக்கவில்லை. மணம் மட்டும் அறை அறையாக வருகிறது. அந்த மணத்துக்குள் இருந்துதான் இதை எழுதுகிறேன்.

கொண்டுவந்தவள் உங்கள் மகள். இன்றைக்கு இப்படி எழுதுகிறேன். போன கிழமை படலையில் வந்து நின்றபோது அவளை நான் அப்படி ஏற்கவில்லை.

காலையில் முற்றம் கூட்டிக்கொண்டு நின்றேன். ஓட்டோ ஒன்று வந்து நின்றது. நெடிய, கறுத்த பிள்ளை. குட்டைத் தலைமயிர், முதுகில் ஒரு பை. "செலின் எண்டிறது நீங்களோ?" என்று கேட்டாள். தமிழ்தான், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் கல் பார்த்துக் கால் வைப்பதுபோலச் சொன்னாள்.

"ஓம். ஆர் நீர்?"

"நான் இங்ரிட். நோர்வேயில இருந்து வாறன். யோகராசாவின்ர மகள்."

"பிள்ளை, இது வேதக்கார வீடு. இஞ்ச யோகராசா எண்டு சைவப் பேரோட ஒருத்தரும் பிறக்கேல்லை. நீர் வீடு மாறி வந்திட்டீர்" என்று சொல்லிப் படலையைச் சாத்தப் போனேன்.

அவள் படலையில் கையை வைத்தாள். "அது அப்பாவின்ர சொந்தப் பேர் இல்லை. அவருக்கு ஏலாமல் வந்தாப்பிறகு ஆசுப்பத்திரியிலதான் சொன்னவர். சொந்தப் பேரை உங்களிட்டக் கேக்கச் சொன்னவர். மார்கழியில செத்துப்போனார்."

நோர்வே என்றதுமே என் நெஞ்சு இடித்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் என் புத்தி நெஞ்சை விட வேகமாக ஓடுகிற புத்தி. செத்துப்போனார் என்று சொல்லி ஒருத்தி வருகிறாள், தகப்பனின் பெயரே தனக்குத் தெரியாது என்கிறாள், அந்தப் பெயரை என் வாயால் சொல்லட்டாம். இந்தக் காலத்தில் ஒரு பெயரை வைத்துக்கொண்டு பிறப்புச் சான்றிதழ் எடுப்பார்கள், காணி உறுதி முடிப்பார்கள், என்னவெல்லாமோ செய்வார்கள். தபால் கந்தோரில் முப்பது வருடம் வேலை பார்த்தவள் நான். ஒருவரின் பெயரை இன்னொருவர் வந்து கேட்டால் கொடுப்பதில்லை.

உங்களுக்கு என் குணம் தெரியும். "செலினுக்குச் சூரியன் உதிச்சாலும் ரெண்டு சாட்சி வேணும்" என்று சொல்லிச் சொல்லியே என்னை அழவைப்பீர்கள். அந்தச் செலின் இன்னும் திருந்தவில்லை. அவளைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்துவிட்டு விசாரிக்கத் தொடங்கினேன்.

"உம்மட அப்பாவுக்கு எந்தக் கை ஊனம்?"

"கை ஊனமில்லை. இடது கைச் சின்னி விரல் மடங்காது. திருக்கை முள் குத்தினதாம்."

சரியான பதில்தான். படத்தில் பார்த்திருக்கலாம், ஆராவது சொல்லிக் கொடுத்திருக்கலாம் என்று நினைத்தேன். பாஸ்போட்டைக் காட்டும் என்றேன். தந்தாள். இங்ரிட் என்பதற்குப் பக்கத்தில் செல்மீர் என்று இருந்தது.

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். அந்தப் பெயரை எனக்குத் தெரியும் அண்ணை. அந்தப் பெயரோடு எனக்கு இருபத்தைந்து வருடத்துக்கு மேலான கோபம்.

நீங்கள் வெளிக்கிட்ட அன்றைக்கு அப்பா கடலுக்குப் போகவில்லை. காரைநகருக்குப் போகிற வள்ளத்தில் உங்களை ஏற்றிவிட இறங்குதுறை வரைக்கும் வந்தார். ஒரு சொல்லும் பேசவில்லை. திரும்பி வரும்போது மட்டும், "என்ர பேரைச் சொல்ல அவன் இருக்கிறான்" என்றார். எனக்கா தனக்கா சொன்னார் தெரியாது. எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாதே. தகப்பனின் பெயரை முன்னால் போட்டுக்கொண்டு திரிகிறோம், அவ்வளவுதான். பெண்பிள்ளை கட்டிப்போனால் அதுவும் புருஷனின் பெயராகிவிடும். ஆகவே அப்பா உங்களை நம்பியிருந்தார்.

போனதும் கடிதம் வந்தது. நோர்வேயின் வடக்கே ஒரு கடற்கரை ஊரில் மீன் தொழிற்சாலையில் வேலை என்று எழுதியிருந்தீர்கள். "பதில் போடேக்க என்ர பேரைப் போடாத. என்னோட வேலை செய்யிற காரைநகர்ப் பெடியன்ர பேருக்கு எழுது" என்றும் இருந்தது. எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. சொந்தப் பெயரில் கடிதம் வாங்க முடியாதவன் என்ன செய்துகொண்டிருக்கிறான் என்று அப்பாவிடம் கேட்டேன். "உன்ர வாயை மூடு" என்றார். அவர் கண்மூடிய செய்தியையும் அந்தக் காரைநகர்ப் பெடியனின் பெயருக்குத்தான் எழுதினேன். என் தகப்பன் செத்ததை ஒரு அந்நியனுக்கு எழுதுவதுபோல இருந்தது.

பிறகு சண்டை, ஓட்டம், இடம்பெயர்வு. கடிதம் நின்றது. திரும்பி வந்து நான் மறுபடி தபால் கந்தோரில் இருந்த காலத்தில், நோர்வேயிலிருந்து விடுமுறையில் வந்த ஒருவர் முத்திரை வாங்க வந்த இடத்தில் சொன்னார்: "உங்கட அண்ணை இப்ப ஒரு வெள்ளைக்காரர் வீட்டில, அவையோட அவையாத்தான் இருக்கிறார்." நான் மிச்சக் கதையைக் கேட்கவில்லை. கேட்காமலே எனக்கு முழுக்கத் தெரிந்துவிட்டது.

அதற்கு அடுத்த மாதம் அந்தக் கடிதம் வந்தது. முன்பக்கத்தில் உங்கள் எழுத்து, என் பெயர், அப்பாவின் முதலெழுத்தோடு. பின்பக்கத்தில் அனுப்புநர் இருக்கிற இடத்தில் ஆங்கில எழுத்தில் செல்மீர், கீழே ஒரு முகவரி. உங்கள் பெயர் எங்கும் இல்லை. வெள்ளைக்காரியைக் கட்டி அவளின் பெயரை எடுத்துவிட்டார், அப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். எனக்குச் சாட்சி தேவைப்படாத ஒரே நாள் அதுதான். கடிதத்தை உடைக்கவில்லை. ஏற்க மறுத்த கடிதத்துக்கு என்ன செய்யவேண்டுமோ அதை முறையாகச் செய்தேன். முத்திரை குத்தினேன். அதற்குக் கீழே என் கையால் தமிழில் ஒரு வரி எழுதினேன். தபால் பையில் போட்டுக் கட்டி, யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் நானே ஏற்றிவிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு பேரிடம் என் சுகம் விசாரித்திருக்கிறீர்கள். இரண்டு பேருக்கும் எனக்கு அண்ணை இல்லை என்றுதான் சொன்னேன்.

இப்போது அந்தப் பெயர் கைகால் முளைத்து என் வீட்டுக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடிக்கிறது.

அவளை வீட்டில் தங்கவைக்கவில்லை. அருட்சகோதரிகளின் மடத்தில் ஒரு அறை கேட்டுக் கொடுத்தேன். காலையில் வருவாள், மத்தியானம் சாப்பிடுவாள், பின்னேரம் போவாள். மூன்று நாள் அப்படிப் போனது. உங்கள் பெயரை நான் சொல்லவில்லை. அவளும் திருப்பித் திருப்பிக் கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் சந்தேகத்தைத் தந்தது.

இரண்டாம் நாள் நண்டு உடைத்துக் கொடுத்துக்கொண்டே கேட்டேன். "உம்மட அம்மா வெள்ளைக்காரியோ?"

"இல்லை மாமி. மன்னார்."

நண்டுக் கால் என் கையில் அப்படியே நின்றது. "அப்ப செல்மீர் ஆரின்ர பேர்?"

"அது ஒரு காணியின்ர பேர்."

அவள் சொன்ன கதையை நீங்கள் அவளுக்குச் சொல்லியிருப்பீர்கள். ஆனாலும் நான் கேட்டபடி எழுதுகிறேன், பிழையிருந்தால் உங்களால்தான் திருத்த முடியும், நீங்களோ இல்லை. முன்னொரு காலத்தில் அந்த நாட்டிலும் எங்களைப்போலத்தானாம். தகப்பனின் பெயர்தான் மகனுக்கு. அதோடு எந்தக் காணியில் குடியிருக்கிறானோ அந்தக் காணியின் பெயரும் ஒட்டிக்கொள்ளும். வேறு காணிக்குக் குடிபோனால் அந்தப் பெயரைக் கழற்றிவிட்டுப் புதுக் காணியின் பெயரைப் போட்டுக்கொள்வார்களாம்.

"செல்மீர் எண்டால் அர்த்தம்?" என்று கேட்டேன்.

"மலையில மாடு மேய்க்கப் போறவை வெயில் காலத்தில தங்கிற குடில் இருக்கே, அதுக்குப் பக்கத்துச் சேத்து நிலம்."

"மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்துச் சேறோ? எங்கட அப்பாவின்ர இடத்தில அதைத்தானோ வைச்சவர்?"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடலே தெரியாத ஒரு உள்நாட்டுப் பள்ளத்தாக்கில் இருந்ததாம் அந்தக் காணி. அங்கே கூலிக்கு நின்ற ஒருவன், சொந்தக்காரன் அல்ல, வெறும் கூலிக்காரன், பஞ்சம் தாங்காமல் பெண்சாதியையும் ஒரு மாட்டையும் கூட்டிக்கொண்டு வடக்கே கடற்கரைக்குப் போய் மீன்பிடிக்கப் பழகினான். அவன் தம்பி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினான். பிறகு அரசாங்கம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாறாத ஒரு பெயர் வேண்டும் என்று சட்டம் போட்டபோது, அந்தக் குடும்பம் பட்டினி கிடந்த காணியின் பெயரையே எழுதிக் கொடுத்ததாம். அந்தக் கூலிக்காரனின் பேரன்தான் உங்களுக்கு அறை கொடுத்த கிழவர். கலியாணம் கட்டாதவர். அந்தப் பெயரில் அந்த நாட்டில் மிஞ்சியிருந்தது அவரும் அவருடைய ஒரு தமக்கையும்தான்.

"பட்டினி போட்ட காணியின்ர பேரை ஏன் கட்டிக்கொண்டு திரிஞ்சவை?"

"தெரியாது மாமி. கிழவருக்கும் தெரியாது."

அவள் அந்தக் காணியைத் தேடிப் போயும் இருக்கிறாள். குடில் இல்லையாம், ஒரு கல்படி மட்டும் சேற்றுக்குள் கிடந்ததாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து ஆர், எவர், என்னத்துக்கு வந்தனீர் என்று கேட்டார்களாம். பெயரைச் சொன்னதும், காணியில் பங்கு கேட்க வந்தவள் என்று நினைத்து முகம் மாறிவிட்டதாம். "உங்களை மாதிரித்தான் மாமி, அவையும் படலையில வைச்சே விசாரிச்சவை" என்றாள்.

குத்திச் சொல்கிறாளா சும்மா சொல்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். பிடிபடவில்லை. உங்கள் முகத்திலும் எனக்கு எதுவும் பிடிபடுவதில்லை.

குறைந்த ஆட்கள் வைத்திருக்கிற பெயரை ஆரும் நினைத்தபடி எடுக்க ஏலாதாம். அந்தப் பெயர்க்காரர் எல்லாரும் சம்மதம் என்று கையெழுத்து வைக்கவேண்டுமாம். கிழவரும் தமக்கையும் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்காக்காரரைக் கேட்கத் தேவையில்லையாம். "அப்பிடியெண்டால் உம்மட அப்பா கேட்டு வாங்கின பேர். தகப்பன்ர பேர் இருக்க இன்னொருத்தன்ர பேரைக் கேட்டு வாங்கினவர்" என்றேன். என் குரல் ஏறிவிட்டது. அவள் நண்டைத் தின்றுகொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் வந்தவள் பையைத் திறந்து ஒரு கடித உறையை மேசையில் வைத்தாள்.

எனக்கு எட்ட நின்றே தெரிந்தது. உங்கள் எழுத்து. நான் குத்திய முத்திரை. மங்கிப்போயிருந்தது, ஆனால் இருந்தது. உறை ஒட்டியபடியே இருந்தது.

"அப்பாவின்ர மேசை லாச்சியில இருந்தது. இதில இங்கிலீசில இருந்த விலாசத்தை வைச்சுத்தான் உங்களைக் கண்டுபிடிச்சனான்" என்றாள்.

"உடைச்சுப் பாக்கேல்லையோ?"

"உங்கட கடிதம் மாமி. அப்பாவும் உடைக்கேல்லை. எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. உடைச்சு வாசியுங்கோ. நானும் கேக்கவேணும்."

கத்தரிக்கோல் எடுத்து ஓரத்தை வெட்டினேன். ஒரே ஒரு தாள். உங்கள் குரல் அப்படியே எழும்பி வந்தது. அவளுக்குக் கேட்க வாசித்தேன்.

"அன்புத் தங்கச்சி செலின், நீ கோவிக்கப் போறாய் எண்டு தெரிஞ்சுதான் எழுதிறன். நான் இஞ்ச வந்தது என்ர பேரில இல்லை. அனலைதீவில நெருப்புக் காய்ச்சலில செத்த யோகராசா எண்ட பெடியன்ர பாஸ்போட்டில வந்தனான். தாய்தான் எடுத்துத் தந்தவ. என்ர மகன் போகாத இடத்துக்கு நீ போ எண்டவ. இண்டைக்கு வரைக்கும் இஞ்ச எல்லாக் கடுதாசியிலும் என்ர பின்பேர் அந்தப் பெடியன்ர தேப்பன்ர பேர். அந்த மனுசன் உயிரோட இருக்கிறார். பிள்ளையைப் பறிகுடுத்த மனுசன்ர பேரை நான் போட்டுக்கொண்டு திரியிறன். எங்கட அப்பாவின்ர பேரைத் தாங்கோ எண்டு கேக்கப் போனால் முழுக் கதையும் சொல்லவேணும். சொன்னால் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள் எண்டு பயம்.

எனக்குக் கலியாணம் முடிஞ்சுது. எங்கட ஆள்தான், மன்னார்ப் பிள்ளை. வாற மாசம் குழந்தை கிடைக்கும். குழந்தைக்கு ஒரு பின்பேர் எழுதவேணும். செத்தவன்ர தேப்பன் பேரை அதுக்கு வைக்க எனக்கு மனம் வரேல்லை. நான் இருக்கிற வீட்டுக் கிழவர் செல்மீர் தன்ர பேரைத் தாறன் எண்டுறார். அவரும் தமக்கையும் கையெழுத்து வைச்சிட்டினம். நான் இன்னும் வைக்கேல்லை. அவை தங்கட பேரைத் தரச் சம்மதிச்ச மாதிரி, அப்பாவின்ர பேரை நான் விட நீ சம்மதிக்கவேணும். இப்ப அந்தப் பேருக்கு நானும் நீயும்தானே. நீ வேண்டாம் எண்டால் விட்டிடுறன், வேற வழி பாப்பம். ஒரு வரி எழுது, அது காணும்."

வாசித்து முடித்துத் தாளை மேசையில் வைத்தேன். நீங்கள் பெயரை மாற்றவே இல்லை, அண்ணை. அந்தக் கடிதம் எழுதும்போது நீங்கள் செல்மீர் அல்ல. உறையின் பின்னால் இருந்தது வீட்டுக்காரரின் பெயர், அவருடைய தபால் பெட்டி. அதைப் பார்த்துத்தான் நான் தீர்ப்பு எழுதினேன். எத்தனையோ பேரின் கடிதத்தில் வீட்டுக்காரரின் பெயரைப் பார்த்தவள், எத்தனையோ பேருக்கு அதை விளங்கப்படுத்தியவள், என் சொந்த அண்ணையின் கடிதத்தில் அதைப் பார்க்கத் தெரியாமல் இருந்தேன்.

இங்ரிட் உறையைத் திருப்பி, முத்திரைக்குக் கீழே விரலை வைத்தாள். "இது உங்கட எழுத்தோ மாமி?"

"ஓம்."

"என்ன எழுதியிருக்கு?"

நான் அவளுடைய விரலைப் பார்த்தேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. இந்த வீட்டில் அந்த வரியை வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். "ஆக்கள் இடம்பெயர்ந்திட்டினம், வீட்டில ஒருத்தரும் இல்லை எண்டு எழுதியிருக்கு" என்றேன். அந்தக் காலத்தில் அப்படி எழுதித் திருப்பிய கடிதங்கள் மூட்டை மூட்டையாக இருந்தன. ஆரும் நம்பக்கூடிய பொய்.

அவள் விரலை எடுக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். மூன்று நாளாக நான் அவளைப் பார்த்த பார்வை அது.

பிறகு சொன்னேன். "இல்லைப் பிள்ளை. அப்பிடி எழுதேல்லை." விரலை எடுத்துவிட்டு, ஒவ்வொரு சொல்லாகக் காட்டி வாசித்தேன். "இப்படி ஒருவர் எங்களுக்கு இல்லை."

"தெரியும் மாமி" என்றாள். "அப்பா ஒருக்கா வாசிச்சுக் காட்டினவர். இது திரும்பி வந்த கிழமைதான் பேர் மாத்திக் கையெழுத்து வைச்சவராம். நீங்கள் உண்மையைச் சொல்லுவீங்களோ எண்டு பாத்தனான்."

அண்ணை, திருக்கை முள் குத்திய விரலைச் சொன்னபோது நான் நம்பவில்லை. உங்கள் எழுத்தைக் கொண்டுவந்து வைத்தபோதும் முழுக்க நம்பவில்லை. பதிலைத் தெரிந்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்டு, மற்றவள் பொய் சொல்கிறாளா என்று முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாளே, அப்போதுதான் இது எங்கள் வீட்டுப் பிள்ளை என்று எனக்குச் சந்தேகமில்லாமல் போனது. நான் அழுதேன். அவள் எழும்பி வந்து என் பக்கத்தில் இருந்தாள்.

"இனி மடத்தில இருக்கவேண்டாம், சாமானை எடுத்துக்கொண்டு வா" என்றேன். பிறகு உங்கள் பெயரைச் சொன்னேன். முதலில் அப்பாவின் பெயர், பிறகு உங்கள் பெயர். அவள் தன் எழுத்தில் எழுதி, இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள். அப்பாவின் பெயரில் வருகிற ழகரம் அவளுக்கு வரவில்லை. அடுத்த நாள் கோயில் அலுவலகத்தில் ஞானஸ்நானப் புத்தகத்தை எடுத்துக் காட்டுவித்தேன். சுவாமியார், "இவ ஆர்?" என்று கேட்டார். "அண்ணையின்ர மகள்" என்றேன். இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு அண்ணை என்ற சொல் என் வாயில் வந்தது.

திரும்பி வருகிற வழியில் கேட்டேன், "இனி எங்கட அப்பாவின்ர பேருக்கு மாத்துவியோ?" அவள் நடந்துகொண்டே சொன்னாள். "இல்லை மாமி. கிழவர் நான் பிறக்க முன்னம் எனக்கெண்டு கையெழுத்து வைச்சவர். அதை விட ஏலாது." மனம் நொந்தது. இன்னும் நோகிறது. அப்பாவின் பெயரைப் போட்டுக் கையெழுத்து வைக்க இனி நான் ஒருத்திதான். கலியாணம் கட்டாததில் ஒரு புண்ணியம் அது. என்னோடு அதுவும் போகும்.

நேற்று அவளைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். உறையை அவள் கொண்டுபோய்விட்டாள். கடிதம் என்னிடம் இருக்கிறது. நீங்கள் கேட்டது ஒரே ஒரு வரி. அதைத் தவிர எல்லாவற்றையும் இதில் எழுதிவிட்டேன். அதை எழுதப் பயந்துதான் இவ்வளவும் எழுதினேன் போலிருக்கிறது.

ஓம் அண்ணை. அந்தப் பேரை எடுங்கோ.